கிளட்ச் பிளேட் வரும்வரை

தரங்கம்பாடியில் தொட்டு
கோடியக்கரை, தொண்டி, மண்டபம் என்று
தண்ணீரை இடப்பக்கமே வைத்துக்கொண்டு
பன்னிரண்டு நாள் ஓட்டுவதாகத் திட்டம்.
ஓசூரிலிருந்து கிளம்பிய ஒன்றரை மணி நேரத்தில்
காவேரிப்பட்டணம் மேம்பாலத்து இறக்கத்தில்
வண்டி நின்றுவிட்டது.

பழைய பள்ளிக்கூட வேன்.
இருக்கைகளைக் கழற்றி எடைக்குப் போட்டு
மாம்பழப் பெட்டிப் பலகையில் கட்டில் அடித்து
ஒற்றை பர்னர் அடுப்பு, இருபது லிட்டர் கேன்,
கொசுவலை, கைப்பிடி இல்லாத ஒரு கண்ணாடி.
அடித்த நீலத்துக்கு அடியில்
மஞ்சள் இன்னும் கசிகிறது.
சிக்னலில் பிள்ளைகள் கையசைக்கும்.
மாதையனும் திருப்பி அசைப்பார்.

மெக்கானிக் சாதிக் பாய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு
வெளியே வராமலே சொன்னார்:
"கிளட்ச் பிளேட்டு. சேலத்திலேர்ந்து வரணும்.
இன்னிக்குச் சனி. நாளைக்குக் கடை இல்ல."
கால்கள் மட்டும் தெரிந்த ஒருவரிடம்
என் கடலைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஊர்ப்பெயரில் காவேரி இருக்கிறது,
பட்டணமும் இருக்கிறது.
ஓடுவது பெண்ணையாறு.
கடல் இருநூறு சொச்சம் கிலோமீட்டர் தள்ளி.
"நம்மள மாதிரியே எவனோ கெளம்பி
அச்சு முறிஞ்சு இங்கேயே உக்காந்து
இதுதாண்டா பட்டணம்னு பேர் வெச்சிருப்பான்"
என்றார் மாதையன்.
நான் சிரிக்கவில்லை.

ஷெட்டுக்குப் பின்னால் புளியமரத்தடிக்குத்
தள்ளிக்கொண்டு போனோம்.
இரவு முழுக்க நெடுஞ்சாலை.
"கண்ண மூடிக் கேளு,
லாரிச் சத்தம் அலை மாதிரியே இல்ல?"
இல்லை.
ஏர் பிரேக் மாதிரி இருந்தது.
மாட்டு லோடு மாதிரி இருந்தது.
மாதிரிக்காகவா
ஆறு மாதம் ஓவர்டைம் பார்த்தேன்?

ஞாயிறு மதியம் டயர் வெடித்து
ஒரு லாரி பக்கத்தில் ஒதுங்கியது.
தார்ப்பாய் ஓரத்தில் வெள்ளையாய்ப் பூத்திருந்ததை
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
தூத்துக்குடி உப்பு, பெங்களூருக்கு.
"கடல் எப்படிண்ணே இருக்கும்?"
டிரைவர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.
"லோடு ஏத்துற எடத்துல பாத்திதாம்மா தெரியும்.
ஒம்பது வருசமா ஓட்டுறேன்,
கரைக்குப் போனதில்ல. போனா லேட்டாயிரும்."
புறப்படும்போது ஒரு கைப்பிடி அள்ளிச்
செய்தித்தாளில் மடித்துத் தந்தார்.
அன்றைக்கு ரசத்துக்கு அதுதான்.
கொஞ்சம் கூடிவிட்டது.
இருவருமே சொல்லவில்லை.

திங்களன்று வந்தது வேறு மாடல் பிளேட்.

இருபத்தோரு வருடமாக
அவருக்கு ஏ ஷிப்ட் என்றால் எனக்கு சி.
ஒருவர் எழுந்த பள்ளத்தில் மற்றவர் படுப்போம்,
தலையணைச் சூடு ஆறாது.
இங்கே மூன்றடிக் கட்டிலில் மூன்று இரவு
ஒரே நேரத்தில் விளக்கணைத்தோம்.
அவர் பல்லைக் கடிப்பார் என்று
எனக்குத் தெரியாது.
தூக்கத்தில் நான் எண்ணுகிறேனாம்,
நாற்பத்தெட்டில் நிறுத்தி
மறுபடி ஒன்றிலிருந்து.
"அதென்ன நாப்பத்தெட்டு?"
ஒரு டிரேக்கு அத்தனை வால்வு, என்றேன்.
கொசுவலைக்குள் இருட்டில் துழாவி
என் கைகளை எடுத்து
ஒன்று, இரண்டு என்று விரல்களை எண்ண ஆரம்பித்தார்.
பத்தில் நின்றார்.
இன்னும் முப்பத்தெட்டு, என்றேன்.

செவ்வாய் நாலு மணிக்கு
சரியான பிளேட் வந்தது,
அரசுப் பேருந்தில், கண்டக்டர் மடியில்.

நான்கு நாள் போயிற்று.
தரங்கம்பாடியை வெட்டுவதா தொண்டியை வெட்டுவதா என்று
தர்மபுரி தாண்டியும் சண்டை.
தொப்பூர் இறக்கத்தில் அவர் கியர் மாற்ற
புது பிளேட் பிசிறில்லாமல் பிடித்தது.
பின்னால் ரசப்பாத்திரம் உருண்டு
எதிலோ இடித்தது.
மிச்ச உப்புப் பொட்டலம் டேஷ்போர்டில் கிடந்தது.
தொட்டுப் பார்த்தேன், காகிதம் நசநசத்தது.
"மழைக்காத்து" என்றார் மாதையன்.

இருக்கலாம்.